மலைநாட்டில் சின்ன உப்புநீர்த் தொட்டி: பாசியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி கணக்குப்படி 56 லீற்றர் கொள்ளும். கல்லும் மணலும் போட்டு மேலே இரண்டு விரல் இடம் விட்டால், உள்ளே நிற்கும் தண்ணீர் 40 லீற்றர் அளவுதான். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 40 லீற்றருக்கு உரியவை. உங்கள் தொட்டி பெரிதென்றால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். மருந்து போடும்போது தொட்டியின் வெளி அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால் மருந்து கூடிவிடும்.

கொழும்பில் தொட்டி வைத்திருப்பவர் சொல்லும் வைத்தியம் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ அப்படியே பலிப்பதில்லை. இங்கே பாசியைத் தூண்டுபவை பெரும்பாலும் இரண்டு: ஆவியானதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீர், இரவுக் குளிர். இவற்றைச் சரி செய்யாமல் போத்தல் மருந்து ஊற்றினால் பாசி போய்த் திரும்ப வரும்.

முதல் வேலை, வந்திருப்பது எந்தப் பாசி என்று பிடிப்பது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள்: தூசியாகப் பறக்கிறதா, தாளாக உரிகிறதா, நூலாக இழுபடுகிறதா? பிறகு லைட் அணைத்து மூன்று மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பாருங்கள்: பகலில் இருந்தது இரவில் குறைந்திருக்கிறதா? இந்த இரண்டு சோதனையிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூசி. விரல் பட்டால் கலைந்து பறக்கிறது

இது டயற்றம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்துக்குள் இது வருவது இயல்பு. வந்த வேகத்திலேயே போயும்விடும். ஆறு மாதம் தாண்டிய தொட்டியில் திரும்பத் திரும்ப வந்தால் தண்ணீரில் சிலிக்கேற்று இருக்கிறது என்று அர்த்தம். டயற்றம் தன் ஓட்டைச் சிலிக்காவால்தான் கட்டுகிறது.

மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அது குவாட்சைற்றும் மற்ற உருமாறிய பாறைகளும் உள்ள நிலத்துக்குள்ளால் கசிந்து வருவது, சிலிக்காவைக் கரைத்துக்கொண்டே வருகிறது. பீலிக்கு மேலே தேயிலையோ உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டமோ இருந்தால் மழையோடு உரமும் இறங்கும். அந்த உரம் தேங்கிய நீரில் என்ன செய்யும் என்பதை 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியே காட்டியது.

கணக்கைப் பாருங்கள். குளிரான அறையில் 25 பாகையில் நிற்கும் மூடியில்லாத தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் ஆவியாகலாம். ஆவியாவது வெறும் தண்ணீர்; உப்பும் சத்தும் உள்ளேயே நிற்கும். லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள பீலித் தண்ணீரால் அதை நிரப்பினால், தொட்டியில் லீற்றருக்கு நாளுக்கு 0.25 மி.கி. ஏறும், மாதத்துக்கு 7.5 மி.கி. ஏறும். மீனுக்கு ஒரு பருக்கை போடாமலே இவ்வளவு. சிலிக்கேற்றும் இதே விதமாகச் சேர்ந்துகொண்டே போகும். கொதிக்க வைத்து ஆற்றினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். தகரக் கூரையில் பிடித்த மழைத் தண்ணீரில் நாகம் (சிங்க்) கலந்திருக்கும், அது நத்தைக்கும் இறாலுக்கும் ஆகாது. போத்தல் மினரல் வாட்டரும் இதற்குரியதல்ல.

தீர்வு, நுண்ணிய சவ்வால் வடிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும், அதன் பின்னால் மிஞ்சிய அயன்களைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும். இங்கே அதை மாட்டும்போது இரண்டு தடங்கல் வரும். முதலாவது அழுத்தம். ஆர்.ஓ. சவ்வுக்கு 3 முதல் 4 பார் வேண்டும். மேட்டில் உள்ள தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் 1 பார்தான் தரும். 15 மீற்றர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது ஒன்றரைப் பார். அதில் நல்ல தண்ணீர் சொட்டும், கழிவு ஓடிக்கொண்டே இருக்கும், வடிகட்டலும் மோசமாகும். ஒரு பூஸ்டர் பம்ப் போடுங்கள். இரண்டாவது குளிர். சவ்வின் அளவு 25 பாகைக்குக் குறிக்கப்பட்டது. ஒவ்வொரு பாகை குறையவும் ஏறத்தாழ 3 வீதம் தண்ணீர் குறையும். 15 பாகைக் குழாய்த் தண்ணீரில் பெட்டியில் எழுதியதில் முக்கால் பங்கு வந்தாலே நல்லது. அதனால் சவ்வு கெட்டுவிட்டது என்று மாற்ற வேண்டாம்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று: டி.ஐ. ரெசின் முடியும் தறுவாயில் முதலில் கசிவது சிலிக்காதான். சிலிக்கா தண்ணீரில் மின்னேற்றம் பெறாமல் கிடப்பதால் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 0 காட்டும், மணலில் பழுப்புத் தூசி ஏறும். அப்படியானால் மீட்டரோடு வாதாடாமல் ரெசினை மாற்றுங்கள்.

உப்புக் கலப்பதற்குப் பதில் கடல் தண்ணீர் கொண்டுவருவோர் ஆற்று வாயிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். களனி கலக்கும் பக்கமும், மகாவலி விழும் கொட்டியாறுக் குடாப் பக்கமும் வேண்டாம். நம் மலையில் கழுவப்பட்டதே அங்கே போய்ச் சேருகிறது. கன மழை பெய்த கிழமையிலும் எடுக்காதீர்கள், உப்பளவும் குறைந்திருக்கும். எடுத்த தண்ணீரை மூடிய கானில் இருட்டில் இரண்டு கிழமை வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேலே உள்ளதை மட்டும் பாவியுங்கள். எந்தத் தண்ணீரானாலும் ஊற்றுமுன் 25 பாகைக்குச் சூடேற்றி, அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள்.

பழுப்பு நிறம், ஆனால் சளி போல நூலாகத் தொங்குகிறது, நுனியில் காற்றுக் குமிழி, இரவில் குறைகிறது

டயற்றம் என்று நினைத்து ஏமாறுவது இதில்தான். இது டைனோ (டைனோபிளஜலேற்று என்ற நுண்ணுயிர்). இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர், ஆகவே உறுதி செய்யாமல் கை வைக்காதீர்கள். சளியில் கொஞ்சம் சிறு போத்தலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். கோப்பி வடிகட்டும் தாளிலோ நான்காக மடித்த டிசுவிலோ வடித்து, தெளிந்த தண்ணீரை லைட்டின் கீழே ஒரு மணித்தியாலம் வையுங்கள். மீண்டும் ஒட்டி நூல் நூலாகத் திரண்டால் அது டைனோ. பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி கிடைத்தால் 400 மடங்கில் பாருங்கள்: கண்ணீர்த் துளி வடிவில், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினால் ஒஸ்ற்றியோப்சிஸ். நீள்வட்டமாக மணலோடு ஊர்ந்து திரிந்தால் அம்ஃபிடினியம்.

டைனோ வருவது பெரும்பாலும் தொட்டி மிகச் சுத்தமாகிவிட்டதால். நைத்திரேற்று 0, பொஸ்பேற்று 0 என்று பார்த்துச் சந்தோசப்படும் தொட்டியில்தான் அது படரும். போட்டிக்கு வேறு பாசியோ பக்டீரியாவோ இல்லை. ஆகவே தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், பொஸ்பேற்று உறிஞ்சும் பொருளை எடுத்துவிடுங்கள். லீற்றருக்கு நைத்திரேற்றை 5 முதல் 10 மி.கி. வரைக்கும் பொஸ்பேற்றை 0.05 முதல் 0.1 மி.கி. வரைக்கும் ஏற்றிப் பிடியுங்கள். உணவைக் கூட்டினாலே சில தொட்டிகளில் காணும். காணாவிட்டால் தூய சோடியம் நைத்திரேற்று 10 கிராமை ஒரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள், அந்தக் கரைசலில் 5.5 மில்லிலீற்றர் 40 லீற்றர் தொட்டியில் லீற்றருக்கு 1 மி.கி. நைத்திரேற்றை ஏற்றும். ஒரு நாளைக்கு லீற்றருக்கு 2 மி.கி. தாண்ட வேண்டாம். தேயிலைக்குப் போடும் உரத்தில் கொஞ்சம் கரைத்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அதில் யூரியா இருக்கிறது; அது அமோனியாவாகி மீனைக் கொல்லும்.

ஒஸ்ற்றியோப்சிஸ் இரவில் மணலை விட்டு நீருக்குள் நீந்தும், அதனால் இரவு முழுவதும் யூ.வி. (புற ஊதாக்கதிர்) விளக்கு ஓடவிட்டால் நன்றாகக் குறையும். மணலோடு கிடக்கும் பெரிய அம்ஃபிடினியத்துக்கு யூ.வி. பயன்படாது. அதற்கு எதிர்மாறாகச் சிலிக்கேற்றுச் சேர்த்து டயற்றத்தை வளரவிட்டு இடத்தைப் பிடிக்கச் செய்வார்கள். இந்தச் சமயத்தில் நத்தைகள் கவிழ்ந்து கிடந்தால் நஞ்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். புது நத்தை வாங்கி விடாமல், நஞ்சை உறிஞ்சும் நல்ல காபன் (அக்டிவேட்டட் காபன்) போடுங்கள். சளியை உறிஞ்சி எடுக்கும்போது வாயால் இழுத்துக் குழாயைத் தொடக்க வேண்டாம், கையுறையும் போடுங்கள்.

சிவப்பு, ஊதா நிறத் தாள், ஓரத்தைப் பிடித்தால் போர்வையாக உரிகிறது, நாற்றம்

இது உண்மையில் பாசியல்ல, சயனோபக்டீரியா. தண்ணீர் ஓட்டம் படாத மூலையில் தொடங்கும். பொஸ்பேற்று இருந்து நைத்திரேற்று இல்லாத தொட்டியிலும் வரும், ஏனென்றால் இவற்றில் சில வகைகள் காற்றிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும்.

மலைநாட்டில் இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஹீட்டர் இருக்கும். மாலையில் 25 காட்டும் வெப்பமானி அதிகாலை 5 மணிக்கு என்ன காட்டுகிறது என்று ஒரு முறை எழும்பிப் பாருங்கள். 20, 21 என்று இறங்கினால் மீன் காலை உணவைத் தின்னாது, நத்தை அசையாது, கழிவைச் சிதைக்கும் பக்டீரியாவும் மந்தமாகும். தின்னாத உணவு கல்லிடுக்கில் அழுகி, சயனோவுக்குத் தீனியாகும். கண்டியில் 40 லீற்றருக்கு 50 வற் காணும். ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழும் நுவரெலியாவில் லீற்றருக்கு 3 வற் என்று வையுங்கள், 120 முதல் 150 வற் வரும். ஒரே 150 வற் ஹீட்டரைவிட இரண்டு 75 வற் நல்லது: ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துபோகாது, ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். தொட்டியின் பின்புறத்துக்கும் இரு பக்கத்துக்கும் ஒரு அங்குல ரெஜிபோம் பலகை ஒட்டினால் கரண்ட் செலவும் குறையும், யன்னல் வெயிலும் மறையும். குளிருக்காகத் தொட்டியைக் காலை வெயில் படும் யன்னலோரம் வைப்பது பாசிக்குச் சோறு போடுவது.

அகற்றும் வழி: காற்றுக் குழாய் அளவான மெல்லிய குழாயால் தாளின் ஓரத்திலிருந்து உறிஞ்சுங்கள். வாளியின் வாயில் வடிபஞ்சு கட்டி அதில் விழவிட்டால் தண்ணீரைத் திருப்பி ஊற்றலாம். தொட்டிக்குள் ஓட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டின் முகத்தைத் திருப்பி, அந்த மூலையில் தீனித் துகள் தங்காமல் ஓடும் அளவுக்கு ஓட்டம் கொடுங்கள். பிறகு மூன்று நாள் முழு இருட்டு: லைட் இல்லை, தொட்டியைச் சுற்றித் தடித்த கம்பளி. பவளங்கள் மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் மிச்சத்தை உறிஞ்சி 20 வீதம் தண்ணீர் மாற்றி, லைட்டை 4 மணித்தியாலத்தில் தொடங்கி ஒரு கிழமையில் 8க்குக் கொண்டுவாருங்கள்.

இருட்டில் வைக்கும்போது உயரத்தை மறக்கக் கூடாது. 25 பாகையில் உப்புநீர் கடல் மட்டத்தில் லீற்றருக்கு 6.7 மி.கி. அளவு ஒட்சிசன் பிடிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமான நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு; பிடிப்பது 5.4 அளவுதான். சாகும் பாசி அதையும் இழுக்கும். கொழும்பில் தாங்கிய மீன் இங்கே விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறக்கும். இருட்டு வைத்தியமோ மருந்தோ எதுவானாலும் முதலில் ஏர் பம்ப் போடுங்கள், மேற்பரப்பு குலுங்கட்டும். காற்று மழைக் காலத்தில் கரண்ட் போவது வழக்கமாகையால் பற்றரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எரித்ரோமைசின் கலந்த மருந்து சயனோவை இரண்டு நாளில் கொல்லும். அது நுண்ணுயிர்க்கொல்லி, நல்ல பக்டீரியாவையும் தொடும். மேலே சொன்னவை எல்லாம் செய்தும் போகாவிட்டால் மட்டும், உறையில் உள்ள அளவுக்கு, நுரையால் கழிவெடுக்கும் ஸ்கிம்மரும் காற்றும் கவனித்துப் போடுங்கள்.

பச்சை மயிர், மெதுவாக இழுத்தால் கையோடு வருகிறது

இதற்குப் பொஸ்பேற்றைத் தேடுங்கள். சோதனையில் 0 வந்தால் உடனே நம்ப வேண்டாம்: தொட்டி நிறையப் பச்சை மயிர் இருந்தால் வரும் பொஸ்பேற்றை அது உடனுக்குடன் உறிஞ்சிவிடும், மிச்சம்தான் குழாய்க்குள் தெரியும். குளிர்ந்த அறையில் சோதனைத் திரவம் நிறம் மாற நேரமெடுப்பதால், மாதிரித் தண்ணீரை 25 பாகையில் வைத்து, சொன்ன நிமிடம் முழுவதும் காத்திருந்து பாருங்கள்.

பொஸ்பேற்று எங்கிருந்து வருகிறது? தீனி ஒன்று, கல் மற்றது. கடலிலிருந்து பவளம் எடுப்பது இலங்கையில் சட்டப்படி தடை, ஆகவே பலர் காய்ந்த கல்லில் தொடங்குகிறார்கள். செத்த பவளக் கல் தனக்குள் பிடித்த பொஸ்பேற்றை மாதக் கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். தொட்டியில் போடுமுன் மூடிய பீப்பாயில் உப்புநீரும் பம்பும் ஹீட்டரும் வைத்து இருட்டில் ஆறு கிழமை ஊறவிடுங்கள், பொஸ்பேற்று 0.1க்குக் கீழே நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். சீக்கிரம் முடிக்கலாம் என்று கல்லை அடுப்பில் வைத்து அவிக்கவே கூடாது. பலித்தோவா போன்ற உயிர் ஒட்டியிருந்தால் அதன் நஞ்சு ஆவியோடு ஏறி, மூடிய குசினிக்குள் இருக்கும் அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

தீனியில், உறைந்த உணவை ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, சாற்றை ஊற்றிவிட்டுக் கட்டியை மட்டும் போடுங்கள். 40 லீற்றருக்கு இரண்டு சின்ன மீன் போதும். வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளைக்கு ஒரு முறை கழுவாவிட்டால் பிடித்த கழிவு அங்கேயே கரைந்து திரும்ப வரும்.

மயிரைத் தொட்டிக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள். ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புது இடத்தில் பிடிக்கும். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, கல்லை அதற்குள் வைத்துக் கையால் பிடுங்கி, அடியைப் பல் பிரஷ்ஷால் உரசி, நன்றாக அலசித் திருப்பி வையுங்கள். பிடிவாதமான இடத்தில் கல்லை வெளியே வைத்து 3 வீத ஐதரசன் பெரொக்சைட்டைத் தடவி இரண்டு நிமிடம் விட்டு அலசலாம். பாமசியில் '10 வொலியும்' என்று இருந்தால் 3 வீதம், '20 வொலியும்' என்றால் 6 வீதம். பின்னதற்கு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விட்டுத் தணியுங்கள். இறால் உள்ள தொட்டியில் நேரடியாக ஊற்ற வேண்டாம்.

பொஸ்பேற்று உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டு மணிகளை உறையில் சொன்னதில் பாதியளவில் தொடங்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் பவளம் வெளிறும், போதாக்குறைக்கு மேலே சொன்ன டைனோ வந்து சேரும். 0.03 முதல் 0.1 வரை வைத்திருப்பது போதும்.

மிச்சத்தை மேய நத்தைதான் சரி. டர்போ அல்லது ட்ரோக்கஸ் மூன்று, செரித் இரண்டு. ஆனால் அவை கொழும்புக் கடையில் 27, 28 பாகையிலிருந்து வருபவை. இரவு பஸ்ஸில் வெறும் பொலித்தீன் பையில் கொண்டுவந்தால் ஹட்டன் வருமுன் குளிரில் விறைத்துப் போகும். ரெஜிபோம் பெட்டியில் வைத்து, மூடியை நாடாவால் ஒட்டிக் கொண்டுவாருங்கள். வீட்டில் முதலில் பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பிறகு ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்குங்கள். பெரிய மயிரை நத்தை தின்னாது. நீங்கள் பிடுங்கியதன் பிறகு முளைக்கும் குருத்தையே தின்னும்.

பச்சைதான், ஆனால் பன்னச் செடி இலை போல நடு நரம்பும் இரு பக்கமும் கிளையும்

பிரயோப்சிஸ். ஒரு கிளையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இறகு வடிவம் தெளிவாகத் தெரியும். சத்தைக் குறைத்து இதைப் பட்டினி போட முடியாது, நத்தையும் தொடாது. ஃபுளுகொனசோல் வேலை செய்யும்: லீற்றருக்கு 5 மி.கி., அதாவது 200 மி.கி. குளிசை ஒன்று நம் 40 லீற்றருக்குச் சரி. மனிதருக்கான மருந்தென்பதால் பாமசியில் வைத்தியரின் துண்டு கேட்பார்கள். காபனையும் ரெசினையும் எடுத்துவிட்டு, குளிசைத் தூளைக் கோப்பைத் தண்ணீரில் கலக்கி ஓட்டமுள்ள இடத்தில் ஊற்றுங்கள். 14 நாள் தண்ணீர் மாற்ற வேண்டாம், ஆவியானதை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். முதல் கிழமையில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பயந்து இரண்டாவது குளிசை போடாதீர்கள். பிறகு நுனி வெளிறிச் சரியத் தொடங்கும். சரிந்ததை உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் அது கரைந்து சயனோவை அழைக்கும். 14 நாள் முடிய 30 வீதம் மாற்றி, காபன் போடுங்கள்.

பச்சைப் பாசிமணி போல உருண்டை

வலோனியா. அடியில் நகமோ மழுங்கிய கத்தியோ வைத்து உடையாமல் பெயர்த்தெடுங்கள்; பக்கத்தில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டால் உடைந்தாலும் உள்ளிருப்பது குழாய்க்குள் போகும். கிழமைக்கு ஒரு முறை, தெரிந்ததெல்லாம். மரகத நண்டு தின்னும் என்பார்கள், சில தின்னும், சில தீனிக்காகக் காத்திருக்கும்.

தண்ணீரே பச்சையாகிவிட்டது

மிதவைப் பாசி. தண்ணீர் மாற்றி இதை வெல்ல முடியாது, மிஞ்சியது இரண்டு நாளில் பெருகும். யூ.வி. விளக்கு மூன்று, நான்கு நாளில் தெளியவைக்கும்; இல்லாவிட்டால் மேலே சொன்ன இருட்டு, அதே காற்றோடு. பெரும்பாலும் யன்னல் வெயில்தான் காரணம்.

விட்டுவிட வேண்டியவை

கண்ணாடியில் இரண்டு, மூன்று நாளில் ஏறும் மெல்லிய பச்சைப் படலம் நோயல்ல, துடைத்தால் போதும். ஒரே நாளில் ஏறினால் மட்டும் சத்தை அளந்து பாருங்கள். கல்லில் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் சுண்ணாம்பு பூசியது போல இறுகிப் பிடிப்பது கொரலைன் என்ற நல்ல பாசி. அது பிடித்த இடத்தில் மயிர்ப்பாசி எளிதில் ஒட்டாது. அதை முன் கண்ணாடியில் மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். அக்கிரிலிக் தொட்டியானால் பிளேடு வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.